சனிக்கிழமை பணி

துபாயில் அந்தப் பெரிய மாலுக்குள் இருக்கும் பனிப் பூங்காவுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பனியை அல்ல, ஜெபராணியைத்தான். ஜாக்கெட் கவுண்டரில் நிற்பாள். அவளிடம் யாரும் அளவு சொல்ல வேண்டியதில்லை. ஆள் வரிசையில் நகர்ந்து வரும்போதே தோளையும் வயிற்றையும் ஒரு பார்வை பார்ப்பாள். கை தானாகப் போய் ஒன்றை உருவிவிடும். “எனக்கு மீடியம் போதும்” என்று வீம்பு பண்ணுகிற தொப்பைக்காரர்களிடம் சண்டைக்கும் போகமாட்டாள். மீடியத்தையே கொடுப்பாள். அவர் ஜிப்போடு மல்லுக்கட்டி முடிக்கும்வரை பெரியதை மறுகையில் தயாராக வைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்பாள்.

பெரியதாழைக்காரி. கடலும் மணலும் வெயிலும் தவிர வேறு அறியாத கரையில் பிறந்தவள், மண்டையைப் பிளக்கும் வெயில் அடிக்கிற ஊரில் குளிருக்குச் சட்டை கொடுத்துச் சம்பளம் வாங்குகிறாள் என்றால் சொந்தக்காரர்களே முதலில் நம்பவில்லை. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இத்தனை வருடம் அங்கே வேலை பார்த்தும் அவள் பனியை மிதித்ததே இல்லை. கவுண்டர் ஆட்களுக்கு உள்ளே வேலை கிடையாது. கதவு திறந்து மூடுகிற நேரத்தில் கொஞ்சம் வெள்ளையும் கொஞ்சம் குளிரும் பிள்ளைகளின் கூச்சலும் வெளியே வரும். அவளுக்கு வாய்த்தது அவ்வளவுதான்.

வருடத்தில் ஒருநாள் மட்டும், குடும்பத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு விருந்தாளியாக உள்ளே போய்வர ஊழியர்களுக்குப் பாஸ் கொடுப்பார்கள். ஜெபராணியின் கணவன் ஜெனோ இருப்பதோ பஸ்ஸில் பல மணி நேரம் தள்ளியுள்ள ருவைஸில், எண்ணெய் ஆலையில் டெக்னீஷியன். பேருக்குத்தான் ஒரே நாடு. பாஸ் வரும் நாளில் அவனுக்கு லீவு வராது, அவனுக்கு லீவு வந்தால் இவளுக்கு டூட்டி. தனியாகவாவது போய்வா என்று மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம், “தனியாப் போயி பனியில உருண்டா பைத்தியம்னுதான் சொல்லுவாவ” என்று சிரித்து மழுப்புவாள்.

உண்மை வேறு. கல்யாணமான நாளிலிருந்து அவர்கள் இருவரும் ஒரு காரியமும் இல்லாமல் சும்மா எங்கேயும் போனதில்லை. கோயில், மளிகைக் கடை, ஆஸ்பத்திரி என்று எல்லாம் ஏதாவது ஒரு வேலையாகப் போன பயணம்தான். ஜோடி ஜோடியாக வருகிறவர்களுக்கு ஜாக்கெட் எடுத்துக் கொடுக்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் பொறாமையாக இருந்தது. ஒரே ஒரு நாள், ஆளோடு ஆளாக, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கதவுக்குள் போகவேண்டும். வேறொன்றும் அவள் கேட்கவில்லை.

இந்த வருடம் மாதா கண் திறந்தாள். பாஸும் லீவும் ஒரே சனிக்கிழமையில் வந்து விழுந்தன. இதை விட்டால் இன்னொன்று கிடையாது. ஏனென்றால் அடுத்த மாதம் அவளை ஷார்ஜா தொழில்பேட்டையில் இருக்கும் கம்பெனி கிடங்குக்கு மாற்றுகிறார்கள். அங்கே ஜாக்கெட் இருக்கும், பனி இருக்காது.

ஆலைக்குள் ஜெனோ போன் எடுக்க முடியாது. அதனால் மெசேஜ் போட்டாள். “சனிக்கிழமை பணி. மூணு மணி. மறந்திராதிய.” எந்த எழுத்தைத் தட்டினோம் என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அந்த இரண்டு எழுத்துக்கும் அவளுக்கும் ஆகாது. “பாத்துட்டேன். டான்னு நிப்பேன்” என்று பதில் வந்தது. அப்புறம் என்ன கவலை?

சனிக்கிழமை புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து பூங்கா வாசலில் நின்றாள். மூன்று மணி ஆனது. மூன்றரையும் ஆனது. ஜெனோவைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. கவுண்டரில் இருந்த காயல்பட்டினத்து ஷஹீரா எட்டி எட்டிப் பார்த்தாள். கூட வேலை பார்க்கிறவர்கள் பெண்டாட்டி பிள்ளைகளோடு கலகலவென்று அவளைக் கடந்து உள்ளே போனார்கள். பாஸ்காரர்களுக்குக் கதவு சாத்தும் நேரம் நெருங்க நெருங்க அவள் மறுபடி மறுபடி போன் அடித்தாள். சூப்பர்வைசர் இர்ஷாத் பெஷாவர்க்காரர். பாஸை ஸ்கேன் செய்கிற மெஷினோடு பக்கத்திலேயே நின்றார். அவர் எதுவும் கேட்காததே அவளுக்கு அவமானமாக இருந்தது.

கடைசியில் அவனே கூப்பிட்டான்.

“எங்க இருக்கிய?” குரல் உடைந்துவிட்டது.

“பணியிலதான் இருக்கேன். இம்புட்டு நேரம் ஏணி மேல நின்னேன், அதான் போன் எடுக்கல.”

“பனியிலயா? நான் வாசல்லல்லா நிக்கேன்! என்னைய விட்டுட்டு எப்படி உள்ள போனிய? உள்ள ஏது ஏணி?”

“வாசல்ல ஏன் நிக்க? உள்ள வாட்டி. தோரணமெல்லாம் கட்டி முடிச்சாச்சு. உன் வீட்டுக்காரி எங்கன்னு இந்த அக்கா கேட்டுக்கிட்டே இருக்காவ.”

“எந்த அக்கா? என்ன தோரணம்?”

“கோயில்லதான்! திருவிழா வருதுல்லா?”

ஜெபராணி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். கடற்கரைக் கிறிஸ்தவனிடம் பணி என்று ஒரு சொல்லைச் சொன்னால் அவன் புத்தி வேறெங்கே போகும்? ஆலையில் பார்ப்பது டூட்டி. பணி என்றால் அது கோயில் பணிதான். பெண்டாட்டிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சந்தோஷப்பட்டு, பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, மூன்று மணிக்கு டான் என்று துபாய்க் கோயிலில் போய் நின்றிருக்கிறான். வேலை செய்ய ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்த கோயில் பங்குக்காரர்கள் அவனை விடுவார்களா? நாற்காலி சுமக்க வைத்து, மண்டபம் கூட்ட வைத்து, ஏணியிலும் ஏற்றிவிட்டார்கள்.

“உங்களப் பனி பாக்க வரச் சொன்னா கோயில்ல போயி நிக்கிய! எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா?”

“ஏட்டி, நீ மூணு சுழி போட்டுட்டு என்னைய ஏசுத?”

போனை எடுத்துப் பார்த்தாள். மூன்று சுழியும் ஒன்று குறையாமல் அவளைப் பார்த்துச் சிரித்தன. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“சரி, சரி. மெட்ரோவப் பிடிச்சு ஓடி வாங்க. கதவு சாத்திருவாவ!”

இர்ஷாதிடம் நடந்ததைச் சொல்ல அவளுடைய இந்தி போதவில்லை. ‘ன’வையும் ‘ண’வையும் எந்த மொழியில் விளக்குவது? “ஹஸ்பெண்ட் சர்ச் கயா. மிஸ்டேக்” என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு நிதானமாக மெஷினைத் தட்டிப் பார்த்து, வாக்கி டாக்கியை எடுத்து, “மெஷின் மே பிராப்ளம் ஹை. கேட் பந்த் மத் கரோ” என்று உள்ளே சொன்னார். கதவைச் சாத்த வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். மெஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை. அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, இல்லாத கோளாறை மும்முரமாகச் சரிபார்க்கத் தொடங்கினார்.

வாசனைத் திரவியக் கடைகளையும் தங்கக் கடைகளையும் கடந்து, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஜெனோ ஓடிவந்தான். தலை முழுக்கத் தோரணத்து வெள்ளைக் காகிதத் துணுக்கு.

“என்ன அண்ணே, நாங்க கொட்டுறதுக்கு முந்தியே தலையில பனியோட வாறிய!” என்றாள் ஷஹீரா.

“ஜாக்கெட்ட நான் எடுக்கேன்” என்று ஜெபராணி கவுண்டருக்குள் கையை விட்டாள். பார்க்காமலே ஒன்றை உருவிக் கொடுத்தாள். ஜெனோ மாட்டினான். ஜிப் பாதியிலேயே நின்றது. மூச்சை இழுத்துப் பார்த்தான். நகரவில்லை.

ஊருக்கெல்லாம் தப்பாத கை அவள் கை. இவனுக்குத் தப்பிவிட்டது. கல்யாணப் பந்தலில் நின்ற ஒல்லிப் பையனுக்கல்லவா அவள் அளவெடுத்திருக்கிறாள்! இவன் தோள் எப்போது இவ்வளவு அகன்றது, காதோரம் எப்போது நரைத்தது என்று அவளுக்குத் தெரியாது. மாதம் ஒருமுறை அவசரத்தில் பார்க்கிற பார்வையில் இதெல்லாம் எங்கே படும்? எல்லோரும் பார்க்கிறார்கள் என்றும் எண்ணாமல், அவன் தலையிலிருந்த காகிதத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். போட்டுக்கொண்டே அவனை ஆற அமரப் பார்த்தாள். பிறகு பெரியதை எடுத்து அவளே ஜிப்பை மேலே ஏற்றிவிட்டாள்.

“கலாஸ், மெஷின் டீக் ஹோ கயா. யல்லா, யல்லா!” என்று இர்ஷாத் விரட்டினார். மெஷின் சரியாகிவிட்டதாம்.

கதவு திறந்தது. குளிர் முகத்தில் அறைந்தது. ஜெபராணி குனிந்து ஒரு பிடி அள்ளினாள்.

“ஆத்தீ, சுடுதே!”

“நம்மூரு மீன் பெட்டிக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கு” என்றான் ஜெனோ. “மீனத்தான் காணோம்.”

அந்தப் பிடியை அவன் கழுத்துக்குள்ளேயே போட்டாள். அவன் துள்ளிய துள்ளலில் பக்கத்தில் நின்ற பிள்ளைகளெல்லாம் சிரித்தன. ரப்பர் வளையத்தில் அவன் முன்னால், அவள் பின்னால் உட்கார்ந்து சறுக்கினார்கள். சரிவில் பாதிகூட வரவில்லை, பெரியதாழைக் கடற்கரைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். கீழே வந்து இருவரும் குப்புற விழுந்தார்கள். எழுந்து, மூச்சு வாங்க, இன்னொரு தரம் ஏற ஓடினார்கள்.

வழியில் பிள்ளையோடு வந்த ஒரு பெண், இவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு நிறுத்தினாள். “ஏங்க, சூடா சாக்லேட் பால் விக்கிறாங்களாமே, அது எந்தப் பக்கம்?”

ஜெபராணி ஜெனோவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் பல்லாக, ஏதோ பரிசு வாங்கியவளைப் போலச் சொன்னாள்.

“எனக்குத் தெரியாதுக்கா. நாங்களும் சுத்திப் பாக்கத்தான் வந்திருக்கோம்.”