டைரக்ட் போட்ட நாள்

சிங்காநல்லூரில் மோட்டார் கன்ட்ரோல் போர்டுகளைச் சோதிக்கும் வேலை எனக்கு. இன்றைக்கு ஒழுங்காக ஓடும் போர்டு நாளைக்குப் படுத்துக்கொள்ளுமா என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க வேண்டும். அன்று மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது வீட்டுக்காரர் போன் செய்தார். குரலில் அப்படி ஒரு குஷி.

“அம்மிணி, அந்த டிரிப்பர் சனியனுக்கு இன்னைக்கு முடிவு கட்டிப்போட்டேன். எலெக்ட்ரீசியனை வரச்சொல்லி டைரக்ட் போட்டாச்சு. இனி விழவே விழாது.”

எங்கள் பக்கத்து வியாதி இது. எந்தக் கருவியாவது ‘ஆகாது’ என்று தடுத்தால், அதை விட்டுவிட்டு நேராக ஒரு ஒயரை இழுத்துவிடுவார்கள். தோட்டத்து மோட்டாருக்கும் டைரக்ட், தறிக்கும் டைரக்ட். ஓடினால் போதும் இவர்களுக்கு! வீட்டில் எங்காவது கரண்ட் கசிந்தால் டிரிப்பர் தானாக விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். சில நாட்களாக அடிக்கடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மீட்டர் வைத்துப் பார்க்கிறேன், அதுவரை யாரும் கை வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

“ஏனுங்க, எதுக்கு விழுதுன்னு பார்க்காம அதை ஏனுங்க புடுங்குனீங்க?”

“புள்ள குளிக்கப் போறப்பெல்லாம் பட்டுன்னு விழுந்தா என்ன பண்றது? பாத்ரூமுக்குள்ள இருந்து கத்துறாளே!”

அவள் குளிக்கும்போது மட்டும் விழுந்ததா? அப்படியானால் கசிவு, அவள் மட்டும் போடும் பாத்ரூம் ஹீட்டரில். ஈரக் கையோடு மகள் குழாயைத் தொட்டபோதெல்லாம் கரண்ட் அவள் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்கப் பார்த்திருக்கிறது. இவர் சனியன் என்றாரே, அதுதான் ஒவ்வொரு தடவையும் என் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது.

அன்றைக்கு அவளுக்குக் காலேஜில் பரீட்சை, மத்தியானமே வந்துவிடுவாள். வந்ததும் குளிப்பாள். இவரோ வேலையை முடித்த கையோடு உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டிருந்தார். மகளுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். பக்கத்து வீட்டு அக்காவும் எடுக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். சிக்னலில் நின்றவர்கள் ஏதோ திட்டினார்கள், என்னவென்று காதில் விழவில்லை.

வாசலில் அவள் செருப்பு கிடந்தது. உள்ளே சத்தமே இல்லை. செத்தேன் என்று நினைத்துக்கொண்டு போர்ட்டிகோவில் இருந்த மெயினை இழுத்து அணைத்தேன்.

“அய்யோ, மறுபடியுமா! அப்பா இனி விழாதுன்னாரே!” பாத்ரூமுக்குள் இருந்து அவள் கத்தினாள்.

எனக்கு அழுகை பீறிட்டது. “எதையும் தொடாம அப்படியே வெளிய வா கண்ணு!” என்றேன்.

தோளில் துண்டோடு, காய்ந்த தலையோடு, சிடுசிடுவென்று வந்தாள். அவளை வாசலில் நிறுத்திவிட்டு மெயினைப் போட்டேன். காலில் ரப்பர் செருப்போடு உள்ளே போய் டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது.

எப்போது பின்னாலேயே வந்தாளோ, தெரியவில்லை.

“அம்மா, நான் அதைத்தான் தொறக்கப் போனேன்” என்றாள்.