துரைசானி வந்த நாள்

ஈரப் பனியன் துணியின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டி ஏறும்போது எழும் ஆவிக்குத் தனி மணம் உண்டு. பாதி வெந்த பருத்தி, பாதி எந்திர எண்ணெய். திருப்பூரில் அப்பா வேலை பார்த்த பனியன் கம்பெனிக்கு மதியச் சோறு எடுத்துக்கொண்டு போகும் பன்னிரண்டு வயதுப் பெண்ணாகிய எனக்கு அதுதான் அப்பாவின் வாசனை. அம்மா அதே கம்பெனியில் பிசிர் வெட்டினாள். கம்பெனிக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம்.

எங்களை அங்கே 'சிலோன்காரங்க' என்பார்கள். சிலோனில் இருந்தபோது அப்பாவை 'இந்தியாக்காரன்' என்றார்களாம். கோபம் வந்துவிட்டால் 'கள்ளத்தோணி', அதாவது திருட்டுத்தனமாகப் படகேறி வந்தவன். மலையை வெட்டித் தேயிலை நட வெள்ளைக்காரனுக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சிப் பக்கத்தில் பஞ்சத்தில் கிடந்த அப்பாவின் பாட்டனைக் கங்காணி என்ற ஆள்பிடிகாரனை வைத்துக் கப்பலேற்றிக்கொண்டு போனான். தன் காரியம் முடிந்ததும் வெள்ளைக்காரன் மூட்டையைக் கட்டினான்; தேயிலைக்கு எஜமான் மாறினான், தேயிலை பறித்தவர்கள்தான் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நின்றார்கள். பிறகு இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து இத்தனை தலை உனக்கு, இத்தனை தலை எனக்கு என்று ஆடு மாடு போலப் பங்கு பிரித்தன. அப்பாவின் தலை இந்தியாவின் பங்கில் விழுந்தது. பிறந்ததிலிருந்து கண்ணால் பார்த்திராத நாட்டுக்கு அவர் 'திரும்பி' வந்தார் என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருந்ததை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எஸ்டேட்டில் ஒரு சட்டம் இருந்தது. துரை எதிரே வந்தால் கூலியாள் பாதையைவிட்டு இறங்க வேண்டும், செருப்பையும் தலைத்துண்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் கடந்து போகும்வரை குனிந்தே நிற்க வேண்டும். அப்பா சிறுவனாக இருந்தபோது வெள்ளைத் துரை. வளர்ந்தபோது நம் நிறத்திலேயே ஒரு துரை. சட்டம் மட்டும் அதேதான். அங்கே ஒரு நாள் கூலிக்கு 'ஒரு பேர்' என்று பெயர்; அதைக் கணக்கில் எழுதுவது 'பேர் போடுவது'. ஒதுங்காதவனுடைய 'பேரை வெட்டிவிடுவார்கள்', அதாவது அன்று எவ்வளவு உழைத்திருந்தாலும் கூலி கிடையாது. மழைக்குக் குடை பிடிப்பதைப் பற்றிச் சொல்வதுபோல, கோபதாபம் எதுவுமில்லாமல் அப்பா இதைச் சொல்வார்.

அந்த வருடம் எங்கள் கம்பெனிக்கு முதன்முதலாக ஐரோப்பாவிலிருந்து நேரடி ஆர்டர் வருவதாக இருந்தது. வந்தால் அப்பாவை அயர்னிங் சூப்பர்வைசராகப் போடுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார்; ஆவியில் வெந்துகொண்டு நிற்க வேண்டாம், ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும் உண்டு. அம்மா இதை லைன் வீடுகள் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஆனால் அதற்கு முன்னால், தொழிலாளர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று சோதிக்க அங்கிருந்து ஒரு பெண்மணி வருவார் என்றார்கள். சுவர்களுக்கு வெள்ளையடித்தார்கள், எல்லோருக்கும் முகக்கவசமும் புதுச் செருப்பும் கொடுத்தார்கள். "கண்ணு, நாளைக்குச் சோறு கொண்டாரப்ப பள்ளிக்கூட யூனிபார்ம் போட்டுட்டு வா. இல்லீனா உன்னையும் வேலைக்கு வெச்சிருக்கறோம்னு எழுதிப்போடுவாங்க," என்றார் வாட்ச்மேன். விடுமுறை நாளில் சீருடை மாட்டிக்கொண்டு தூக்குவாளியோடு நான் போனது அதனால்தான்.

அயர்னிங் அறை வாசலில் அப்பாவிடம் தூக்கைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண்மணி வந்தார். கூடவே முதலாளியும், சென்னையிலிருந்து மொழிபெயர்க்க வந்த ஒரு பையனும். அந்தப் பெண்மணிக்கு இளம் வயது, வெயிலில் சிவந்த முகம். அவரைக் கண்டதும் அப்பா நடைபாதையிலிருந்து இறங்கினார். புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார், மற்றக் கையால் தலைத்துண்டை இழுத்துக் கக்கத்தில் செருகினார், இடுப்பு வரை குனிந்தார். "சலாமுங்க, தொரைசானி!"

அந்தப் பெண்மணி திடுக்கிட்டு நின்றுவிட்டார். ஏன் செருப்பைக் கழற்றினார் என்று கேட்கச் சொன்னார்.

"பழக்கமுங்க. ஒதுங்கலேன்னா தொரை பேர வெட்டிருவாருங்க," என்றார் அப்பா, தெரிந்த கேள்விக்குப் பதில் சொல்லும் மாணவனைப்போல.

சென்னைப் பையனுக்குத் தேயிலை மலை எங்கே தெரியும்? துரை என்றால் முதலாளி, பேரை வெட்டுவது என்றால் வேலையைவிட்டு நீக்குவது என்று நினைத்துக்கொண்டு அப்படியே ஆங்கிலத்தில் சொன்னான். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். முதலாளியைச் சொல்லவில்லை, இவர் சொல்வது சிலோன் துரையை என்று நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. வகுப்பில் என்னை 'சிலோன்காரி' என்று கூப்பிடுவதே எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. அங்கே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரின் மகள் நான்தான் என்று முன்னால் வர எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தப் பெண்மணி கண்கலங்கியபடி நோட்டில் நிறைய எழுதினார். அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஆர்டர் வரவில்லை. அடுத்த வாரம் முதலாளி அப்பாவைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் கொடுமை. "ஏனுங்க, நானுங்களா உங்களைச் செருப்பைக் கழட்டச் சொன்னேன்? இத்தனை வருசமா ஒண்ணா உக்காந்து டீ குடிக்கறோம். ஒரே வார்த்தைல என்னைக் கொடுமைக்காரனாக்கிப் போட்டீங்களே. இனி வெள்ளைக்காரங்க வர்ற அன்னைக்கு நீங்க ஊட்லயே இருந்துக்குங்க," என்றார். சூப்பர்வைசர் வேலை வேறொருவருக்குப் போயிற்று.

அன்று வீட்டில் அம்மா கொதித்துப்போனாள். "அங்கதான் குனிஞ்சே சீரழிஞ்சோம். இங்க எவன் கேட்டான் உங்க சலாம?" என்றாள். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அந்தம்மா எழுதவும், எனக்குப் பேரு போடுறாங்கன்னுல்ல நெனச்சேன்," என்றார்.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் வந்த நாள்களிலெல்லாம் அப்பா கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் கிடந்தார். குனியக் கற்றுக்கொடுத்ததும் அந்தத் தேசங்கள்தான், குனிந்ததைப் பார்த்து மனம் நொந்து ஆர்டரை வேறு ஊருக்குக் கொண்டுபோனதும் அந்தத் தேசங்கள்தான். அந்தப் பெண்மணி நல்லவர், எனக்குத் தெரியும். அவருடைய நல்ல மனத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. என் வாயை மூடிக்கொண்டதையும்தான்.

அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கார் ஷோரூம் இருக்கிறது. லைன் வீடுகளை இடித்துவிட்டார்கள். அப்பா போய் ஆறு வருடமாகிறது. 'பேர்' என்றால் ஒரு நாள் கூலி என்று தெரிந்தவர்கள் எங்கள் வீட்டில் நானும் அம்மாவும்தான் மிச்சம். நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில், வெளிநாட்டுச் சோதனைகளுக்குத் தொழிலாளர்களைத் தயார் செய்யும் அதிகாரியாக இருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பெண்களை உட்காரவைத்து, வெள்ளைக்காரர்கள் வந்தால் எழுந்திருக்க வேண்டாம், கையைக் கட்ட வேண்டாம், நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் சொல்லிக்கொடுக்கிறேன். தொழிலாளர்கள் அச்சமின்றி இருக்கிறார்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

இதைச் சொல்லிக்கொடுக்க அந்த அறைக்குள் நான் நுழைந்தால் எல்லாப் பெண்களும் விருட்டென்று எழுந்து சுவரோரம் ஒதுங்குகிறார்கள். எனக்காக எழ வேண்டாம் என்று இதுவரை நான் சொன்னதில்லை.