பெரியம்மா அழுத படங்கள்

எங்கள் பெரியப்பா சினிமாக் கம்பெனி ஆரம்பித்தபோது, படம் எடுக்கிற கம்பெனி என்று நினைத்துக்கொண்டு புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பாடத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வீடு தேடி வந்தார்கள். பெரியப்பா அவர்களை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். மெட்ராஸில் எடுத்த படத்தின் உரிமையை வாங்கி, நம் பக்கத்துக் கொட்டகைகளுக்குப் பெட்டி அனுப்புகிற கம்பெனிதான் இது என்று பொறுமையாக விளக்கினார். ஒருவர் மட்டும் அதையும் கேட்டுக்கொண்டு, வந்ததற்கு ஒரு பாட்டு என்று பாடிவிட்டுத்தான் போனார்.

பெரியப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கொடியை இறக்கிய சமயத்தில் அவரும் பெரியம்மாவும் கப்பலில் வந்து இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த சாமான்களில் எனக்குப் பிடித்தது கூடத்துச் சுவரில் மாட்டிய ஒரு போட்டோ. நெற்றியில் முடி வெட்டிவிட்டு, வெள்ளைக் கவுன் போட்ட ஒரு பெண். அப்போதைய என் வயசுதான் இருக்கும். பெரியப்பா பெண், உன் அக்கா என்று அம்மா சொன்னாள்.

"அக்கா ஏன் வரல?"

"அவ அங்கியே இருந்துட்டா. போய் விளையாடு."

சைகோனில் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் அக்கா படித்துக்கொண்டிருப்பதாக நானே முடிவு செய்துகொண்டேன். எனக்குக் கவுன் கிடையாது, பாவாடைதான். அதனால் அவள்மீது கொஞ்சம் பொறாமையும் உண்டு.

எல்லையில் சுங்கச் சாவடியை எடுத்துவிட்டார்கள், இனிமேல் படப்பெட்டி தங்குதடையில்லாமல் போகும், வரும் என்பது பெரியப்பாவின் நம்பிக்கை. வீட்டின் முன்னறை ஆபீசானது. ஆனால் எந்தப் படத்தை வாங்குவது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பட்டாளத்தில் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பெண்கள் அழுதால் படம் ஓடும் என்று தொழிலில் இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். அங்கே பெரியம்மா இருந்தாள்.

பெரியம்மா அழுது எங்கள் சொந்தத்தில் யாரும் பார்த்ததில்லை. சாவு வீடுகளில் எல்லாரும் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கும்போது அவள் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். கல் நெஞ்சுக்காரி என்று பேசிக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலோ விளக்கு வைத்த பிறகு அழக் கூடாது, வெள்ளிக்கிழமை அழக் கூடாது, நடு வீட்டில் உட்கார்ந்து அழவே கூடாது. அழுவதற்கென்று மிச்சமிருந்த நேரம் ரொம்பக் குறைவு. அதைப் பெரியம்மா எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"இவ கண்ணுல தண்ணி வந்துட்டா ஊரே அழும்" என்றார் பெரியப்பா. கம்பெனியின் சட்டதிட்டம் அவ்வளவுதான்.

மெட்ராஸ் ஏஜெண்டு பெட்டியோடு ரயிலில் வருவார். ஸ்டேஷனிலிருந்து பெட்டியை, பின்னாலிருந்து ஆள் தள்ளும் புஷ்புஷ் வண்டியில் ஏற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். பெட்டிக்குச் சந்தனம் வைத்துக் கற்பூரம் காட்டியான பிறகு, காலை வேளையில், எங்களுக்காக மட்டும் படம் ஓடும். பெரியம்மாவுக்குத் துணையாக நான். பெரியப்பா பின்னால் ஆப்பரேட்டர் அறையின் பக்கமாக உட்கார்ந்துகொள்வார். பக்கத்தில் தான் இருந்தால் அவள் அழமாட்டாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் காலைகள் இப்போதும் சில நாள் கனவில் வருகின்றன. வெளியே சுள்ளென்ற வெயில், உள்ளே இருட்டு. தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் புள்ளி புள்ளியாகக் காலி பெஞ்சுகள்மேல் இறங்கும். கடல் காற்றில் கூரை முனகுவது படத்துக்குள்ளிருந்து கேட்கிறதா, வெளியிலிருந்து கேட்கிறதா என்று தெரியாது. திரையில் மழை பெய்தால் நான் காலைத் தூக்கிப் பெஞ்சுமேல் வைத்துக்கொள்வேன். பெரியம்மா என் கையைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருப்பாள். கொஞ்ச நேரம் கழித்து என் புறங்கையில் சூடாக ஒரு சொட்டு விழும்.

படம் முடிந்து வெளியே வந்தால் தெருவெல்லாம் வெள்ளையாகக் கண் கூசும். பெரியப்பா என் பக்கம் குனிவார்.

"அழுதாளா குட்டி?"

"அழுதாங்க பெரியப்பா. என் கையெல்லாம் ஈரம்."

"செ போன்!", நல்லது என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு, ஏஜெண்டின் கையைப் பிடித்துக் குலுக்குவார்.

முதல் படத்தில் தொலைந்த பிள்ளையைத் தேடி ஒரு தாய் அலைந்தாள். அந்தப் படத்துக்குப் பாகூர் பக்கத்திலிருந்தெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். அடுத்ததும் அப்படியே. நடுவில் ஒரு மாயாஜாலப் படம் வந்தது. பறக்கும் பாயும் பேசும் மரமுமாக நான் வாயைப் பிளந்து பார்த்தேன். பெரியம்மா வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். அதில் குழந்தை என்று யாருமே இல்லை. பெரியப்பா வேண்டாம் என்றுவிட்டார். அதை வாங்கின கடலூர்க்காரர் ஒருவர் கையைச் சுட்டுக்கொண்டார். அதன் பிறகு பெரியம்மாவின் கண்ணீருக்கு நாலு ஊரில் மரியாதை வந்துவிட்டது. ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. ஊரைவிட்டுப் போன ஒரு பிரெஞ்சுக்காரரின் பழைய கார் வாசலுக்கு வந்தது. பெரியம்மாவின் உடம்புக்கு ஏதாவது என்றால் கொட்டகைக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

எனக்கும் நல்ல காலம்தான். அழுதார்கள் என்று சொல்கிற ஆள் நான் அல்லவா? பள்ளிக்கூடத்தில் நான் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் அந்தச் சிரிப்புப் படம் வந்தது. ஒரு கஞ்சப் பண்ணையாரை அவருடைய சமையல்காரன் ஏமாற்றுகிற கதை. ஏஜெண்டே விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் சமையல்காரன் கரண்டியோடு கடைத்தெருவில் ஓடுகிறான். அவன் போன பிறகு, நெற்றியில் முடி வெட்டிய ஒரு சின்னப் பெண் வெள்ளைக் கவுனோடு குறுக்கே நடந்து வந்து, எங்களை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறாள். கதைக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அந்த இடத்தில் பெரியம்மாவின் பிடி இறுகியது. அப்புறம் படம் முடிகிறவரை அவள் அழுகை நிற்கவே இல்லை. சத்தம் வராமலிருக்க முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அழுதாளா?"

"இதுவரைக்கும் இப்படி அழுததே இல்ல பெரியப்பா."

பெரியப்பா வெயிலில் அப்படியே நின்றுவிட்டார். "சிரிப்புப் படத்துலயே இந்தக் கல்ல கரைச்சிட்டான்னா, எப்பேர்ப்பட்ட படமா இருக்கணும்!" என்றார். அப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பெரியப்பா கேட்கவில்லை. எப்போதும் வாங்குகிற புதுச்சேரி வட்டாரத்தோடு நிற்காமல் கடலூர், விழுப்புரம், சிதம்பரம் வரைக்கும் சேர்த்து வாங்கினார். கையில் இருந்தது, பெரியம்மாவின் கழுத்தில் இருந்தது எல்லாம் அதில் போனது.

படம் எங்கேயும் ஓடவில்லை. பெரியப்பாவின் கம்பெனிப் படம் என்று கையில் துண்டோடு அழ வந்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். சிரிக்க வேண்டியவர்களோ இது அழுமூஞ்சிக் கம்பெனி என்று வரவே இல்லை. உழவர்கரை டூரிங் கொட்டகையிலிருந்து பெட்டி போன வேகத்தில் திரும்பி வந்தது. மற்ற ஊர்ப் பெட்டிகளும் ஒவ்வொன்றாக வந்து முன்னறையில் அடுக்கிக்கொண்டன. கார் போனது, டெலிபோன் போனது. கடைசியில் போர்டைக் கழற்றியபோது சுவரில் அது இருந்த இடம் மட்டும் புதுச் சுண்ணாம்பாகத் தெரிந்தது.

மெட்ராஸுக்குப் பெட்டி திரும்பிப் போகவேண்டிய நாள் காலையில் பெரியப்பா சமையலறை வாசலில் வந்து நின்றார். கோபமாக இல்லை. களைத்துப்போயிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்தப் படத்துல எதப் பார்த்து அப்படி அழுத?"

பெரியம்மா உலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கடைத்தெருவுல ஒரு புள்ள கவுன் போட்டுக்கிட்டு வரும். நம்ம புள்ள மாதிரியே இருந்துச்சு."

பெரியப்பா திரும்பிக் கூடத்துச் சுவரில் இருந்த போட்டோவைப் பார்த்தார்.

"மத்த படமும் அப்படித்தான். அவள அங்கியே மண்ணுக்குள்ள உட்டுட்டு வந்துட்டோம். அவளப் பத்திப் பேசக் கூடாதுன்னீங்க. வீட்டுல அழுதா ஆகாதுன்னாங்க. நான் வேற எங்க போயி அழுவேன்? அந்த இருட்டாவது இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு."

சோறு பொங்கி வழிந்தது. யாரும் இறக்கவில்லை. பெரியப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, முன்னறையிலிருந்து ஒரு பெட்டியைப் புஷ்புஷ் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டு, "கிளம்பு" என்றார். என்னை யாரும் வரவேண்டாம் என்று சொல்லாததால் நானும் ஓடினேன்.

கொட்டகைக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. ஆப்பரேட்டர் அந்த ஒரு ரீலை மட்டும் மாட்டினார். இந்தத் தடவை பெரியப்பா பின்னால் போகவில்லை. எங்கள் பெஞ்சிலேயே, பெரியம்மாவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார். சமையல்காரன் ஓடினான். அந்தப் பெண் நடந்து வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் போனாள். பெரியப்பா ஆப்பரேட்டர் அறைப் பக்கம் கையைத் தூக்கினார். ரீல் திரும்பச் சுற்றியது. அவள் மறுபடி வந்தாள். அப்புறம் மறுபடியும். கூரையிலிருந்து இறங்கிய வெளிச்சப் புள்ளிகள் இடம் மாறி எங்கள் மடிக்கு வந்துவிட்டன.

அப்போது பக்கத்தில் யாரோ இருமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பட்டாளத்துக்காரரான எங்கள் பெரியப்பா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரியம்மா என் கையை விட்டுவிட்டு அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

நான் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. கொட்டகையை விட்டு, கண் கூசும் வெயிலில் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, பெரியப்பாவே அழுதுட்டாரு! இந்தப் படம் கண்டிப்பா ஓடும். கம்பெனிய மறுபடி தொறக்கப் போறாங்க!"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படியே உள்ளே போய்விட்டாள். அவளுக்குச் சினிமாத் தொழில் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். பெட்டியை ஏற்றிக்கொண்டு புஷ்புஷ் வண்டி திரும்பி வருகிறதா என்று பார்த்தபடி, விளக்கு வைக்கிற நேரம் வரை வாசற்படியில் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.