பொன்னம்மாக்கா எங்கே?

என் பழைய கணினிக்குக் கம்பெனியின் உதவி இனி கிடைக்காது என்று போன வாரம் திரையில் எழுத்து வந்தது. எனக்குக் கோபம் வரவில்லை. மலாக்காவின் காஜா பெராங் பகுதி ஞாபகம் வந்தது. மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த புதிதில் மலாக்கா டெலிபோன் இலாகாவில் நான் டெக்னீஷியன்.

1. பிடி சுற்றும் போன்

அந்நாளில் போனுக்குப் பக்கவாட்டில் ஒரு பிடி இருக்கும். அதைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ரோசா எடுப்பார். மத்தியான வேளையில் ரிசீவரைக் காதில் வைத்தால் தூரத்து மழை போல ஓர் இரைச்சல் கேட்கும். அதற்குள்ளிருந்து அவர் குரல் வரும்போது பாதித் தூக்கத்தில் யாரோ கூப்பிட்டது போலிருக்கும். எனக்கு அந்தக் குரல் பிடிக்கும். சொல்வதில் என்ன வெட்கம்?

காஜா பெராங்கில் குடியிருந்த மருத்துவச்சி பொன்னம்மாக்கா பிரசவம் பார்க்கக் கிளம்புமுன் பிடியைச் சுற்றி, "ரோசா, சயா பெர்கி செமாபோக்" என்று மலாயில் போகிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போவார். யாராவது அவரைத் தேடி அழைத்தால், ரோசா அங்கிருக்கும் கடைக்காரருக்குப் போன் போட்டுத் தகவல் சொல்லிவிடுவார்.

2. மாற்றிய பிறகு

ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. "பழசு நல்லாத்தானே ஓடுது சார்?" என்று மேலதிகாரியிடம் கேட்டேன்.

"ஓடுதுலா. ஆனா செஞ்ச கம்பெனியே அதுக்குச் சாமான் செய்றத நிறுத்திட்டான். பழசுக்கும் புதுசுக்கும் ரெண்டு செட் ஆளு வச்சா கட்டுப்படியாகுமா? போயி மாத்து."

நியாயம்தான். அக்கா வீட்டில் எண் சுழற்றும் போனை வைத்தேன். ரோசாவை வெளியூர் அழைப்புகளை இணைக்கும் டிரங்கு கால் பகுதிக்கு மாற்றினார்கள்.

மறுநாளே செமாபோக்கில் ஒருவர், மனைவிக்கு வலி கண்டு, கடை போனிலிருந்து அக்காவை அழைத்திருக்கிறார். பூட்டிய வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. அக்கா இருந்ததோ புக்கிட் காதில் என்ற வேறு கிராமத்தில், இன்னொரு பிரசவத்தில். அந்த மனிதர் சைக்கிளில் அக்காவைத் தேடி அலைந்து அழைத்துப் போவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல்.

அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "போனு நல்லாத்தான் அடிச்சுச்சாம் தம்பி. நான் எங்க இருக்கேன்னு அதுக்குத் தெரியலையே."

எனக்கு முகம் தொங்கிவிட்டது. நடந்ததைச் சொல்லி மேலதிகாரியிடம் போய் நின்றேன்.

"அந்தம்மா போற எடத்த ஞாபகம் வச்சுச் சொன்னது ரோசா பாத்த வேல இல்லடா, செஞ்ச உபகாரம். அதுக்கு நான் எங்கருந்து ஸ்பேர் பார்ட்டு வாங்குறது?" என்று சலித்துக்கொண்டார். பிறகு அவரே, "அந்தம்மா வீட்டுக்கு எதிர்த்த காப்பிக்கடைல மாட்டிவிடு. அங்க எந்நேரமும் ஆளு இருக்கும், போற எடத்த அவங்ககிட்ட சொல்லிட்டுப் போகட்டும்" என்றார்.

3. முதல் அழைப்பு

அதே எண்ணோடு போனைக் கடைக்கு மாற்றினேன். பழைய இயந்திரத்தை நிறுத்துவது தப்பு என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எதைக் கழற்றப் போனாலும், அதனால் வேறு என்னென்ன காரியம் நடந்தது என்று விசாரித்துவிட்டுத்தான் ஸ்குரூ டிரைவரைத் தொட்டேன்.

அன்று கடைசித் திருகை முடுக்கும்போதே மணி அடித்தது. எடுத்தேன். அதே மழை இரைச்சல், அதற்குள்ளிருந்து அதே குரல்.

"பொன்னம்மா எங்கே?" என்று மலாயில் கேட்டார் ரோசா. "ரெண்டு நாளா எங்க போறாங்க, எங்க வர்றாங்கன்னே தெரியல. எனக்கு இருப்புக் கொள்ளல."