தண்ணீர் டிரம்மில் கேட்ட துடிப்பு

டாக்டர் ஐயா மேடையில் சொன்னது பொய். என் தம்பி சண்முகத்தின் இதயத்தைச் சுற்றி நீர் கோத்திருந்ததை, நெஞ்சைத் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்தாராம். மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டத்தில் போன வாரம் அப்படித்தான் பேசினார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை நான். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரை முறை வைத்து விட்ட வருடம் அது. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் நான், என் வீட்டுக்காரர், தம்பி மூன்று பேரும் இருந்தோம். எண்ணெய் வந்த தகர டிரம் ஒன்றைத் தேய்த்துக் கழுவி அதில்தான் தண்ணீர் பிடித்து வைப்போம். துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தம்பிக்குக் காய்ச்சல் வந்து, விடாமல் மூச்சு வாங்கியது. படுத்தால் திணறுவான், தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்துதான் உட்காருவான். இந்த டாக்டர் ஐயாதான் வந்து ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார். கழுத்து நரம்பு புடைத்து முகம் வீங்கியதுதான் மிச்சம்.

ஒரு நாள் காலை அரிசி களையத் தண்ணீர் மொள்ளும்போது டிரம் என் கைக்கடியில் துடித்தது. காதை வைத்தால் உள்ளே டப், டப் என்று சத்தம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு டிரம்மில் காது வைக்கச் சொன்னேன். நான் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடி அடிக்க அடிக்க 'ம், ம்' என்றேன். டிரம்மின் சத்தமும் என் 'ம்'மும் ஒன்றாகவே விழ, அவர் முகம் மாறிவிட்டது.

"குழாய்ல காத்து அடைச்சிருக்கும்டி."

"இன்னைக்குக் குழாயே வரலையே!"

தம்பிக்கு அந்த நிலையிலும் வாய் அடங்கவில்லை. "நான்தான் உள்ளேயே இருக்கேனே மாமா, இனி எனக்குக் குளியல் வேணாம் லா."

டாக்டரை மறுபடி கூட்டி வந்தோம். தம்பி நெஞ்சில் குழலை வைத்தார், இடம் மாற்றி மாற்றி வைத்தார். "என்ன பிள்ளை, ஒண்டும் வடிவாக் கேக்குதில்லையே" என்றார்.

"அங்க கேக்குதுங்க, டிரம்ல."

"விசர்க்கதை கதைக்காதையும்!"

பைத்தியக்காரப் பேச்சு என்று அவர் எரிந்து விழுந்தும் நான் விடவில்லை, சட்டைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனேன். என் வாயை அடைக்கத்தான் டிரம்மில் குழலை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. அப்புறம் திரும்பி வந்து தம்பியின் நெஞ்சை விரலால் தட்டினார். தட்டியது உண்மைதான், ஆனால் அதற்குப் பிறகுதான். "இதயத்தைச் சுத்தித் தண்ணி நிக்குது. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார்.

என் வீட்டுக்காரர் தம்பியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். நான் துணி எடுக்கத் திரும்பினேன், டாக்டர் தனியாக மறுபடி டிரம்மில் குழலை வைத்துக் குனிந்திருந்தார். சட்டென்று காதிலிருந்து பிடுங்கினார்.

"இந்த வீட்டில வேற ஆருக்கும் சுகமில்லையோ?"

"இல்லைங்களே."

அவர் என்னைப் பார்க்கவில்லை, மாடிப்படியைப் பார்த்தார். பையை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயம், தண்ணீர் நிரம்பிய குடம் மாதிரி தெரிந்தது. ஊசி போட்டு நீரை உறிஞ்சினார்கள், காசநோய் என்று மருந்து கொடுத்தார்கள், தம்பி பிழைத்து வந்தான். அதற்குள் டிரம் காலியாகியிருந்தது, சத்தம் இல்லை. நல்லது என்று இருந்தேன். சில வாரத்தில் என் வீட்டுக்காரர் வேலையிடத்தில் தேநீர் குடிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இதயம் என்றார்கள். அதுவரை ஒரு தலைவலி என்று படுத்த மனிதர் இல்லை அவர்.

அன்றைக்கே டாக்டர் வீட்டுக்குப் போய், டிரம்மில் மறுபடி குழலை வைத்தபோது என்ன கேட்டது என்று கேட்டேன். நேரமில்லை என்று கதவைச் சாத்தினார். இப்போது மேடையேறி அறிவியல் பேசுகிறார்.

டாக்டர் ஐயா, அடுத்த கூட்டத்திலும் அத்தனை பேர் இருப்பார்கள், நானும் இருப்பேன். அங்கே சொல்லுங்கள். இரண்டாவது தடவை டிரம்மில் நீங்கள் கேட்டது எத்தனை இதயம்? ஒன்றுக்கு மேல் கேட்டிருந்தால், படியிறங்கிக்கொண்டிருந்த மனிதரை ஏன் நிறுத்தவில்லை?