ஜன்னலுக்கு வெளியே சக்களத்தி

எலுமிச்சை மூடியை உப்பும் மிளகாய்த்தூளும் கலந்த தட்டில் ஒற்றி, சுட்ட சோளக்கதிரின் மேல் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, கித்தேரியம்மாள் ஒரு கண்ணால் எதிர்ப்பக்கத்து மருந்தகப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். படியில் அவருடைய வீட்டுக்காரர் மரியஅந்தோணி இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கிறார். எதிரே வெள்ளைச் சேலையில் மருந்தகத்துக் கன்னியாஸ்திரி அமலோற்பவம் சிஸ்டர் குனிந்து அந்தக் கைகளையே பார்க்கிறார். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் மலையூரின் ஏரிக்கரைப் பக்கம் வந்தால் நீங்களும் இதைப் பார்க்கலாம்.

பக்கத்தில் நிற்கும் என்னிடம் முணுமுணுக்கிறார்: “பாத்தீங்களா டீச்சர்? கை நடுங்குதான்னு பாக்குறாகளாம். நான் கல்யாணத்தன்னிக்குப் புடிச்ச கை அது. வெள்ளனே எந்திரிச்சு நான் பாத்துத்தான் அனுப்பியிருக்கேன். எங்கிட்டக் கேட்டாச் சொல்ல மாட்டேனா?”

கதிர் வாங்க வந்தவர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவருக்குக் கதிர் போகிறது, ஆனால் கித்தேரியம்மாளின் கண் படிக்கட்டை விட்டு நகரவில்லை.

கித்தேரியம்மாளுக்குப் பொறாமை உடம்போடு பிறந்தது. மரியஅந்தோணி ஒரு பள்ளிக்கூடத்தில் தோட்டவேலை செய்கிறார். அங்கே அவர் வளர்க்கும் டேலியாப் பூக்களைப் பார்த்தாலே இந்த அம்மாளுக்கு ஆகாது. “அதுக்குக் குச்சி நட்டு, நாரு கட்டி, முதுகத் தடவி விடுறாரு. எனக்கு முதுகு வலின்னா கோடாலித் தைலத்தத் தூக்கிக் கையில குடுக்குறாரு” என்பார். வீட்டு ரேடியோவைக் கேட்டு மரியஅந்தோணி சிரித்தால் ரேடியோ அணைந்துவிடும். இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் என் வீட்டுக்காரர் மேல் எனக்கு ஒரு நாளும் இப்படி வயிறு எரிந்ததில்லை. அவருக்கும் என்மேல் எரிந்ததாகத் தெரியவில்லை. கித்தேரியம்மாளைப் பார்க்கும்போது எனக்கே கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அவருடைய பெரிய பொறாமை ஒரு மாத்திரைப் புட்டி மேல்.

மரியஅந்தோணிக்கு இருப்பது மனதைத் தூக்கியும் தாழ்த்தியும் ஆட்டுகிற ஒரு நோய். தூக்குகிற மாதங்களில் தூக்கமே கிடையாது. வீட்டுக் கம்பளிகளையெல்லாம் பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாதவர்களுக்குப் போர்த்திவிட்டு வருவார். பாடிக்கொண்டே பண்ணைக்காடு வரை இறங்கிப் போய்க் காப்பிச் செடிக்கு அடியில் படுத்துக் கிடப்பார். தாழ்த்துகிற மாதங்களில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தால் சோற்றுக்கும் எழ மாட்டார். ஒருமுறை பாறை விளிம்பில் போய் உட்கார்ந்திருந்தவரை, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்து வந்தவர் கித்தேரியம்மாள். கூடப் போனவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை.

எழுபத்தெட்டாம் வருஷம் மதுரையில் ஒரு டாக்டர் லித்தியம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவ்வப்போது இரத்தம் எடுத்து அளவு பார்த்துக் கொடுக்கிற மாத்திரை. சிஸ்டர்தான் மதுரை போகும்போதெல்லாம் வாங்கி வருவார். சனிக்கிழமைதோறும் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பதும் அவர்தான். வருஷம் திரும்புவதற்குள் மனிதர் நிலைக்கு வந்துவிட்டார். வேலைக்குப் போகிறார், நேரத்துக்கு உறங்குகிறார். ஊர் முழுக்க ஒரே பேச்சு, “மாத்திரை காப்பாத்திருச்சு. அந்தச் சிஸ்டர் நல்லாயிருக்கணும்.”

இதுதான் கித்தேரியம்மாளுக்கு ஆறவில்லை. “அப்ப, அத்தன வருசம் நான் என்ன புல்லா புடுங்கிக்கிட்டு இருந்தேன்? கிறுக்குப் புடிச்சுத் திரிஞ்சப்பகூட எம் பேரச் சொல்லித்தான் டீச்சர் பாடுனாரு. பஸ் ஸ்டாண்டுல அத்தன பேருக்கு முன்னால என்னைய மகாராணின்னாரு. இப்பத் தெளிஞ்சு உக்காந்து, சிஸ்டர் இப்படிச் சொன்னாக, சிஸ்டர் அப்படிச் சொன்னாகங்குறாரு. நல்லா இருக்கு நாயம்!”

அன்றிலிருந்து அந்தப் புட்டிக்குச் ‘சக்களத்தி’ என்று பெயர். அதற்கு வீட்டுக்குள் இடமில்லை. ஜன்னலுக்கு வெளியே, குளிரிலும் சாரலிலும், ஒரு டால்டா டப்பாவைக் கவிழ்த்து மூடி அது உட்கார்ந்திருக்கும். மரியஅந்தோணி சாப்பிட்டுவிட்டுக் கையை வெளியே விட்டு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்வார். “சக்களத்திய வீட்டுக்குள்ள விட்ட சீமாட்டி யாராவது உண்டா?” என்று என்னையே கேட்பார் இந்த அம்மாள்.

சிஸ்டர் ஒருநாள் கடைக்கே வந்து, “உப்பும் தண்ணியும் எப்பவும் போலக் குடுங்கம்மா, அவருக்கு ரெண்டையும் குறைச்சிராதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். வேறொருவராக இருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். கித்தேரியம்மாளுக்கு முகம் கனலாகிவிட்டது. “எஞ் சோத்துல உப்பில்லன்னு இந்தாளு அங்க போயி வத்தி வச்சிருக்காரு. இல்லன்னா கன்னியாஸ்திரிக்கு எதுக்கு என் அடுப்படிச் சோலி?”

போன வருஷம், எண்பத்திரண்டில், தவக்காலம் தொடங்கியது. சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு கித்தேரியம்மாள் சலேத் மாதாவிடம் ஒரு நேர்ச்சை செய்துகொண்டார். ஈஸ்டர் வரை புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒருசந்தி, நாளுக்கு ஒரு வேளைதான் சாப்பாடு, அதுவும் உப்பில்லாக் கஞ்சி. பதிலுக்கு நோய் வேரோடு போக வேண்டும், மாத்திரையே வேண்டாம் என்று ஆகிவிட வேண்டும். “மாதா செஞ்சுட்டா சக்களத்தி தன்னால போயிருவால்ல?” என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினார்.

மரியஅந்தோணி தலையாட்டினார். “நீ ஆக்குறத நான் திங்கிறேன். மாத்திரைய மட்டும் விட மாட்டேன்” என்றாராம். கித்தேரியம்மாளுக்கு அது போதுமாக இருந்தது. பகலெல்லாம் ஊருக்கு உப்புத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் கையை ஏழு தண்ணீரில் கழுவிவிட்டுத்தான் வீட்டு உலையைத் தொடுவார். சனிக்கிழமைகளில் அவரை மருந்தகத்துக்கு விடாமல் கடையில் உட்கார்த்தி, கரியை விசிறச் சொன்னார். சிஸ்டர் ஆள் அனுப்பியபோது, “தவக்காலம் முடியட்டும், வருவாரு” என்று திருப்பி அனுப்பினார். அந்த நாட்களில் கித்தேரியம்மாள் முகத்தில் இருந்த களையை நான் முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. புருஷன் முழுசாகத் தன் கைக்குள் வந்துவிட்டதாக நினைத்திருந்தார்.

விசிறி இரண்டு தடவை மரியஅந்தோணியின் கையிலிருந்து நழுவியது. பசி என்று கித்தேரியம்மாள் நினைத்தார். பிறகு அவர் வாந்தி எடுத்தார். ஒருசந்தி ஒத்துக்கொள்ளவில்லை என்று இந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் உப்பில்லாக் கஞ்சியை ஊற்றிக் கொடுத்தார்.

குருத்தோலை ஞாயிறு பவனியில் நானும் இருந்தேன். துளிக் காற்றுமில்லாத காலை. எல்லோர் கையிலும் ஓலை நேராக நிற்க, மரியஅந்தோணியின் ஓலை மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசையில் பாடிக்கொண்டு போன அமலோற்பவம் சிஸ்டர் எதற்கோ திரும்பினார். ஓலையைப் பார்த்தார். பாட்டை அப்படியே விட்டுவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். உங்க பேரென்ன என்று சிஸ்டர் கேட்டதற்கு மரியஅந்தோணிக்கு நாக்குக் குழறியது, கால் பின்னியது. பங்குச் சாமியாரின் ஜீப்பிலேயே மதுரைக்குக் கொண்டு போனார்கள்.

“என்னம்மா சாப்பிட்டாரு?” என்று டாக்டர் கேட்டதற்கு, “ஒருசந்திங்கய்யா, உப்பில்லாக் கஞ்சி” என்று கித்தேரியம்மாள் பெருமையாகத்தான் சொல்லியிருக்கிறார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “இந்த மாத்திரையும் ஒரு வகை உப்புதாம்மா. சோத்து உப்பு குறைஞ்சா உடம்பு இத வெளிய விடாமப் புடிச்சு வச்சுக்கும். அப்புறம் மருந்தே விஷமாயிரும். இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா ஆளக் காப்பாத்தியிருக்க முடியாது.”

கட்டிலுக்கு மேலே புட்டி ஒன்றைத் தொங்கவிட்டு நரம்பில் ஏற்றினார்கள். அதில் என்ன மருந்து என்று கேட்டாராம் கித்தேரியம்மாள். “மருந்தில்லம்மா, உப்புத் தண்ணி” என்றாளாம் நர்ஸ்.

“நான் எடுத்த உப்ப அவுக சொட்டுச் சொட்டா திருப்பிக் குடுத்தாக டீச்சர். பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்” என்று அவர் என்னிடம் சொன்னபோது, அடுப்பில் ஒரு கதிர் கருகிக்கொண்டிருந்தது. நானும் சொல்லவில்லை, அவரும் பார்க்கவில்லை.

பிறகு சட்டென்று குரல் மாறியது. “அந்தப் பக்கம் சிஸ்டரு, இந்தப் பக்கம் நானு. அவரு பொழைக்கணுமேன்னு செபமாலை உருட்டுறேன். அப்பவும் எனக்கு எரியுது டீச்சர், கண்ணு முழிச்சா மொதல்ல யாரப் பாப்பாரோன்னு. முழிச்சாரு. ‘உப்புப் போட்டுக் கொஞ்சம் கஞ்சி குடு’ன்னாரு. எங்கிட்டத்தான் கேட்டாரு. அவுகளும் பக்கத்துலதான் இருந்தாக!” கண்ணில் நீரும் உதட்டில் சிரிப்புமாக அந்த ‘எங்கிட்டத்தான்’ஐ இரண்டு முறை சொன்னார்.

ஈஸ்டர் முடிந்து அவர்கள் வீடு திரும்பிய அன்று ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். மரியஅந்தோணி இளைத்திருந்தார். கை நடுக்கம் அடங்கியிருந்தது. டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்த புதுப் புட்டி அவர் சட்டைப் பையில் இருந்தது. பழைய பழக்கத்தில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்து, டால்டா டப்பாவைத் தூக்கினார்.

“அங்க எதுக்கு வைக்கிறீக? சாரல் அடிக்குதுல்ல. இங்கிட்டுக் கொண்டாங்க” என்றார் கித்தேரியம்மாள்.

மரியஅந்தோணி என்னைப் பார்த்தார். நான் எனக்குக் கொடுத்திருந்த காப்பி டம்ளருக்குள் பார்த்தேன். கித்தேரியம்மாள் புட்டியை வாங்கி முந்தானையால் துடைத்தார். அடுப்படிப் பலகையில் உப்புச் சாடியைக் கொஞ்சம் நகர்த்தி, அதன் பக்கத்தில் வைத்தார். ஓரடி பின்னால் வந்து இரண்டையும் பார்த்தார். மறுபடியும் போய், புட்டியின் முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு, கஞ்சிக்கு உப்பை அள்ளினார்.