பாதியில் விழுந்த பெயர் மாற்றம்

கண்டியில் நான் வேலை செய்யும் காப்புறுதி நிறுவனத்துக்குத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வந்தால், தமிழில் பேச என்னை மாடியிலிருந்து கூப்பிடுவார்கள். அது என் வேலை இல்லை. பழைய மெயின்பிரேம் கணினியில் ஓடும் நிரல்களைத் திருத்துவதுதான் என் வேலை. தோட்டத்தில் வேலை செய்த எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான், கெம்பஸ் போனதும் நான்தான். கவுன்டருக்குக் கூப்பிட்டால் எரிச்சல் வரும். ஆனாலும் இறங்கிப் போவேன்.

அன்று விடாத மழை. ஹுன்னஸ்கிரியப் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் நனைந்து வந்திருந்தார்கள். இளையவளின் கணவன் இறந்துவிட்டான். மூத்தவள் அவனுடைய தாய். கலியாணத்துக்கு முன் எடுத்த காப்புறுதியில், தனக்குப் பின் பணம் சேர வேண்டியவர் என்று தாயின் பெயரைக் கொடுத்திருந்தான். பிறகு கிளைக்குப் போய் அதை மாற்றியிருந்தான். இப்போது திரையில் அந்த இடத்தில் யார் பெயரும் இல்லை.

“என் பேர வெட்டிட்டான், சரி. இவ பேர போட்டானா? இவ லட்சணம் அவனுக்கே தெரிஞ்சிருக்கு” என்றாள் மூத்தவள்.

“மாத்திட்டேன்னுதான் சொன்னாரு, மிஸ்” என்றாள் இளையவள், தரையைப் பார்த்தபடி.

அவர்களை இருக்கச் சொல்லிவிட்டு மேலே போய் நிரலைப் பிரித்தேன். புதிய பெயரைத் தராமல் பழையதை நீக்க, பெயர் மாற்றும் திரை விடாது. ஆகவே அவன் ஒரு பெயர் கொடுத்திருக்கிறான். கணினி முதலில் பழைய பெயரை நீக்கும், பிறகு புதியதை எழுதும். இடையில் கணினியின் வேலை செத்து விழுந்தால், நீக்கியதைக் கணினியே திரும்ப வைத்துவிட வேண்டும். எங்கள் நிரல் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவரிடம் காட்டினேன்.

“ஓம், அது நான் எழுதினதுதான். கிளையில இருக்கிற பிள்ளையள் பிழையைக் கண்டு பயந்து ஃபோன் எடுக்குதுகள் எண்டு ஒரு ‘மன்னிக்கவும்’ திரை போட்டனான்.”

“புரோகிராம் மன்னிப்புக் கேட்டுட்டு ஒழுங்கா வெளிய வந்துருது, சேர். வேல நல்லபடியா முடிஞ்சிருச்சின்னு சிஸ்டம் நெனச்சிக்குது. பாதி வேலய அப்படியே நிலைக்க விட்டுருது.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். எது எங்கே விழுந்தது என்று காட்டும் பதிவுகள் எப்போதோ அழிந்திருந்தன. கிளையில் வைத்திருந்த விண்ணப்பங்களும் ஒருமுறை வந்த வெள்ளத்தோடு போயிருந்தன.

“திருத்து. ஆனா கீழ போய் இதைச் சொல்லாத, பிள்ளை.”

“சொல்லாம இருக்க முடியாது, சேர்.”

“உன்ர தலைக்கனம்...” என்றார்.

கீழே போய்ச் சொன்னேன். “அவரு ஒரு பேரு குடுத்திருக்காருங்க. எழுதுறதுக்குள்ள எங்க மெஷின் விழுந்துருச்சி. பிழ எங்களோடது.”

இளையவள் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “எம் பேரா?”

“அது தெரியலங்க.”

“அவன் தம்பி, எங்க சின்னவன் பேரா இருக்கும்” என்றாள் மூத்தவள் சட்டென்று.

“நீங்க நம்ம பக்கத்து ஆளுதானே, மிஸ். எம் பேர எழுதி விட்டுருங்களேன்” என்றாள் இளையவள்.

எழுதுவது எனக்குப் பெரிய வேலை இல்லை. “முடியாதுங்க. பேரு இல்லன்னா, பணம் யாருக்குன்னு கேட்டு கோர்ட்டுக்குத்தான் போகணும்” என்றேன்.

“எம் பேர போட மறந்துட்டாருன்னு நெனச்சி மனச தேத்திக்கிட்டு இருந்தேன்” என்றாள். “யாரு பேருன்னு தெரியாம எதுக்கு வந்து சொன்னீங்க?”

மூத்தவள் குடையை விரிக்க, இருவரும் அதற்குள் ஒடுங்கி பஸ் நிலையப் பக்கம் போனார்கள்.

பின்னேரம் நிரலைத் திருத்தினேன். இனி வேலை நடுவில் விழுந்தால் விழுந்ததாகவே திரை சொல்லும், பழைய பெயரும் திரும்பி வரும். சோதித்துப் பார்த்தபோது சரியாக வந்தது. அப்போதுதான் உறைத்தது: இந்தத் திருத்தம் அவன் பெயர் மாற்றிய அன்றே இருந்து, கிளையில் யாரும் மறுபடி முயலாமல் விட்டிருந்தால், அந்த இடத்தில் மாமியாரின் பெயர் நின்றிருக்கும். கோர்ட்டுக்குப் போகும் வழிகூட இளையவளுக்கு இருந்திருக்காது.